காதர் பாய் பிடுங்கிய அரசங்கன்றுகள்

ஆவடியில் யுத்தக் கொட்டகைக்குக் கம்பி அளந்துகொண்டிருந்தேன். பூந்தமல்லியிலிருந்து வந்த வண்டிக்காரர், "பாய் பூட்டாரு சார், அடக்கமும் ஆயிடுச்சி" என்றார். எந்த பாய் என்று நான் கேட்கவில்லை. பூந்தமல்லிச் சத்திரத்துக்கு எதிரே பழைய இரும்பு விற்ற காதர் பாயை நம்மில் யாருக்குத் தெரியாது?

சத்திரம் நவாபு காலத்துச் சுண்ணாம்புக் கட்டடம். மழை வந்தால் வண்டிக்காரர்கள் ஒதுங்க வேறு இடமில்லை. காக்கை போடும் விதை அதன் கைப்பிடிச் சுவரில் முளைக்கும். வேர் இறங்கிச் சுவரைப் பிளக்கும். அரசங்கன்றைப் பிடுங்குவது பாவம் என்று ஊர்க்காரர்கள் நீங்கள் யாரும் தொடமாட்டீர்கள். ஓவர்சீயர் என்கிற முறையில் படம் போட்டு விளக்கினேன். நன்றாகத் தலையாட்டினீர்கள். மறுநாள் ஏணி போட்டு ஏறி அந்தக் கன்றுக்கே குங்குமம் வைத்தீர்கள்.

கடைசியில் பாய் ஏறினார். "உங்களுக்குத்தான் பாவமில்லையே பாய், நல்லா புடுங்குங்க" என்றார் சத்திர நிர்வாகி முருகேசர், கீழே நின்றபடி.

"அட நைனா, பாவம் எனுக்கு, நெழலு உனுக்கா? ஏணியையாவது புடி!"

முருகேசர் அதற்கும் யோசித்தார். நான் போய்ப் பிடித்தேன். அதன்பின் வருஷா வருஷம் மழைக்கு முன்னால் பாய் ஏறினார்.

போன வருஷம் யுத்த வேலைக்குச் செங்கல் தட்டுப்பாடு. சத்திரச் சுவர் பிளந்திருந்தால் இடித்து எடுத்துக்கொள்ளலாம் என்று மேலதிகாரிகள் வந்தார்கள். தட்டித் தட்டிப் பார்த்தார்கள். வெடிப்பு இல்லை, திரும்பிப் போனார்கள். பழைய கட்டடத்தின் அருமை தெரிந்தவர் என்று பாயைப் பாராட்டினேன்.

"அருமையாவது இன்னாவாவது! இடிச்சா நீ வேற ஒண்ணு கட்டுவே தம்பி. அதுவரிக்கும் என் வண்டிக்காரன் எங்க படுப்பான்?"

இந்த வருஷம் படுக்கையில் கிடந்தார். ஏறவில்லை. வேறு யாரும் ஏறவில்லை.

இப்போது இரங்கல் கூட்டம் போட்டு, அவர் பெயரைச் சலவைக்கல்லில் வெட்டி முன்சுவரைக் கொத்திப் பதிக்கப்போகிறீர்களாம். சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. தயவுசெய்து கொத்தாதீர்கள். நேற்று நானே ஏறிப் பார்த்தேன். மூன்று கன்றுகள். பெரியதற்கு மஞ்சளும் பூசியிருக்கிறது.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த வேலைதான். மூன்றையும் பிடுங்கினேன். பெரியதன் வேர் சுவருக்குள்ளேயே அறுந்து நின்றுவிட்டது. அது மறுபடி துளிர்க்கும். மறுபடி ஏற வேண்டும்.