முகில் மறைக்கும்போது பார்லி இலை செய்வது

மீன் தொழிற்சாலையில் பதினாறு வருடம் நின்று வேலை செய்ததில் என் வலது தோள் பழுதாகிவிட்டது. கையைத் தலைக்கு மேலே தூக்க முடியவில்லை. கொமூன்காரர், அதாவது நகரசபைக்காரர், என்னை நாங்கள் இருந்த டெனிஷ் நகரமான ரண்டர்ஸிலிருந்து முக்கால் மணி நேர பஸ் தூரத்தில் இருந்த ஒரு பயிர் ஆராய்ச்சி நிலையத்துக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். எனக்கு அப்போது ஐம்பத்தொரு வயது. மூன்று மாதத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றுதான் நினைத்திருந்தேன்.

அங்கே கண்ணாடி வீட்டுக்குள் பன்னிரண்டு வரிசைகளில் பார்லி வளர்ந்தது. வரிசைக்கு ஓர் இனம். எந்த இனம் வறட்சியைத் தாங்கும் என்று பார்ப்பதற்காக வேண்டுமென்றே தண்ணீரைக் குறைத்திருந்தார்கள். உடுப்புக் காயப்போடும் கிளிப் போன்ற ஒரு கருவியை நான் இலையில் மாட்ட வேண்டும். விழும் வெளிச்சத்தில் எவ்வளவு பங்கை இலை உணவு செய்யும் ஒளித்தொகுப்புக்கு எடுக்கிறது என்பதை அது ஓர் எண்ணாகக் காட்டும். அதை எழுதிவிட்டு அடுத்த இலைக்குப் போக வேண்டும்.

வானம் வெளித்திருந்த நாட்களில் எண்கள் ஒழுங்காக வந்தன. ஜூன் மாதத்தில் முகில்கள் வந்து வந்து போகத் தொடங்கியதும் அவை ஏறி இறங்கின. ஆய்வை நடத்திய டெனிஷ் பெண் என் தாளைப் பார்த்துவிட்டு, “கிளிப் சரியாகப் பிடிபடவில்லைபோல. இதை விட்டுவிடுவோம்,” என்று அந்த நாளின் எண்கள் முழுவதையும் பேனாவால் கோடிட்டு வெட்டினாள். அவள் கோபப்படவில்லை. ஆனாலும் எனக்கு முகம் சுட்டது. கிளிப்பை நான் சரியாகத்தான் பிடித்திருந்தேன்.

வீட்டில் சமைத்துக்கொண்டே கணவரிடம் சொன்னேன்.

“நான் பிழை விடேல்லை. முகில் மறைக்கேக்கை எண் ஏறுது, வெயில் வந்தா இறங்குது. ஏழாவது வரிசை மட்டும் மற்றதுகளை விடக் கெதியா ஏறுது.”

“அப்ப அதை அவவிட்டைச் சொல்லுமன்.”

“என்ரை டெனிஷிலை என்னெண்டு சொல்லுறது?”

“எழுதிக்கொண்டு போய்க் காட்டும். எண்ணுக்குப் பாஷை தேவையில்லை.”

அடுத்த மூன்று நாட்களும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி அளந்தேன். நிழல் விழுந்த நேரம், எண் ஏறி நின்ற நேரம் இரண்டையும் ஒரு கொப்பியில் எழுதினேன். மற்ற வரிசைகள் பல நிமிடங்கள் எடுத்தன. ஏழாவது வரிசை ஒரு நிமிடத்துக்குள் ஏறிவிட்டது.

நான்காம் நாள் கொப்பியை அவளிடம் நீட்டினேன். அவள் நின்றபடியே வாசித்தாள். பிறகு ஒரு வாளியைக் கவிழ்த்து அதில் உட்கார்ந்து, முதலில் இருந்து திரும்ப வாசித்தாள்.

“முகில் வரும்வரை காத்திருக்க வேண்டாம். நாமே செய்து பார்ப்போம்,” என்று ஒரு பெரிய கடதாசி மட்டையை எடுத்துவந்தாள். அவள் மட்டையைச் செடிகளுக்கு மேலே பிடிக்க, நான் அளந்தேன். பின்னேரம்வரை அதையே செய்தோம். ஏழாவது வரிசை ஒரு தரமும் பிந்தவில்லை.

அன்று அவள் எனக்கு விளக்கினாள். தண்ணீர் குறைந்தால் இலை தன் துளைகளை மூடிக்கொள்கிறது. ஈரம் மிஞ்சும், ஆனால் உணவு செய்யத் தேவையான காற்று உள்ளே போகாது. வெயிலை முழுவதும் பயன்படுத்த முடியாமல், கூடுதல் வெளிச்சத்தை வெப்பமாக வெளியே விடுகிறது. இல்லாவிட்டால் இலை பழுதாகிவிடும். நிழல் வந்ததும் அப்படி விடுவதை நிறுத்த வேண்டும். நிறுத்தப் பிந்தும் செடி, கிடைக்கும் கொஞ்ச வெளிச்சத்தையும் வீணாக்குகிறது. இந்த நாட்டில் முகில் இல்லாத நாள் எத்தனை?

“நான் இதை வெட்டியது என் பிழை,” என்றாள். வெட்டிய தாளின் எண்களைத் திரும்பவும் கணினியில் ஏற்றினாள். பஸ்ஸில் வரும்போது எனக்கு அழுகை வந்தது. யாரும் பார்க்காமல் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பயிற்சி முடிந்ததும் அங்கேயே நிரந்தர வேலை தந்தார்கள். அடுத்த வசந்தத்தில் ஏழாவது வரிசையின் விதையை மற்ற இனங்களோடு சேர்த்து வெளி வயலில் விதைத்தோம். அந்தக் கோடை முழுவதும் மழை. வறட்சியே இல்லாததால் எல்லா இனமும் ஒரே அளவு நன்றாக விளைந்தன. ஏழாவது வரிசை மேலானதா என்று எங்களால் சொல்ல முடியவில்லை. அவள் சிரித்துவிட்டு விதையை எடுத்துவைத்தாள்.

இந்த வருடம் மழை விழாதபடி வயலுக்கு மேலே பிளாஸ்டிக் கூரை போட்டிருக்கிறோம். போன கிழமை விதைத்தோம். நேற்றுப் போய்ப் பார்த்தேன், முளை வந்திருக்கிறது.