புளி போட்டுத் தேய்த்த பதக்கங்கள்

கறுத்த சாமான் கண்ணில் பட்டால் எங்கள் அம்மாவுக்குக் கை சும்மா இருக்காது. போன ஆயுத பூஜைக்கு முதல் நாள், போச்சம்பள்ளியில் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி உள்ளே போனால், குத்துவிளக்கு, ஸ்பேனர், மண்வெட்டியோடு அப்பாவின் இரண்டு வீரப் பதக்கங்களும் புளி போட்டுத் தேய்க்கப்பட்டு முறத்தில் பளபளவென்று கிடந்தன. நாடாக்களைக் கழற்றிச் சோப்புத் தூளில் ஊற வைத்திருந்தாள். பக்கெட் தண்ணீர் சிவந்து கிடந்தது.

அப்பா வந்துவிட்டாரா என்று வாசலை எட்டிப் பார்த்தேன்.

அப்பா பட்டாளத்துக்காரர். கிழக்கு எல்லைப் போரில், காட்டுச் சண்டையில் வாங்கியவை அவை. அதற்கு மேல் எங்களுக்கு எதுவும் தெரியாது. பீரோவின் மேல் தட்டில் இருக்கும், யாரும் தொடக்கூடாது. சின்ன வயதில் என் அண்ணன் ஒன்றைச் சட்டையில் குத்திக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டான். அப்பா அடிக்கவில்லை, திட்டவில்லை. மாந்தோப்புக்குப் போனவர் ஒன்பது நாள் வீட்டுக்கே வரவில்லை. இப்போது எழுபதைத் தாண்டிவிட்டார், பிரஷர் மாத்திரை வேறு. மறுபடி அப்படிப் போய்விட்டால் என்ன செய்வேன்?

அம்மாவிடம் கத்தினேன். மிக்ஸிக்குக்கூடப் பொட்டு வைக்கிறோம், சண்டைக்குப் போய் வாங்கிவந்த சாமானுக்கு வைக்காமல் அது என்ன ஆயுத பூஜை என்று அவள் என்னையே திருப்பிக் கேட்டாள். நாடாக்களை அலசிக் கொடியில் போட்டேன். நாடாக்களை ஒளித்துவிட்டு எலி மேல் பழியைப் போடலாமா என்று நான் யோசிப்பதற்குள், கிருஷ்ணகிரிக்குப் போயிருந்த அப்பா வந்துவிட்டார். என் மகளின் சாக்ஸுக்கு நடுவில் சாயம் போய்த் தொங்கிய நாடாக்களைப் பார்த்தபடி நின்றார். பொய் சொல்ல வாய் வரவில்லை. நடந்ததைச் சொன்னேன்.

முறத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு பதக்கத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அடிபட்டவங்கள ஆத்தத் தாண்டித் தூக்கிட்டு வந்தது நாங்க ரெண்டு பேரு, பாப்பா. கடைசித் தடவ அவன் கரை ஏறல. ஆஸ்பத்திரில நான் கண்ணு முழிக்கறதுக்குள்ள இதுக்கு என் பேர மட்டும் எழுதிட்டாங்க.”

அந்தச் சண்டையைப் பற்றி அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் பேச்சு அது. அம்மா பயந்துபோய், பழையபடி பீரோவிலேயே வைத்துவிடட்டுமா என்றாள். பூஜையிலேயே இருக்கட்டும் என்றார்.

மறுநாள் பொட்டு வைக்கப்போன அம்மாவிடமிருந்து சந்தனக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டார். அந்தப் பதக்கத்தில் ஒரு பொட்டு வைத்தார். அதன் பக்கத்திலேயே இன்னொன்று வைத்தார். அம்மா இரண்டின் மேலும் குங்குமம் வைத்தாள்.

பூஜை முடிந்து பொரியும் கடலையும் கொறித்துக்கொண்டே அந்த ஆளின் பெயரைச் சொன்னார், ஊரைச் சொன்னார், நீச்சல் தெரியாமலே ஆற்றில் இறங்கியவன் என்றார். மத்தியானம் முழுக்க அவனைப் பற்றியேதான் பேச்சு. எங்கேயும் எழுந்து போகவில்லை. எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது.