நடீன் கேட்ட கனத்த குழல்

துப்பாக்கிக் குழலும் வண்டி டயரைப் போலத்தான், ஓட ஓடத் தேயும். இரண்டாயிரம் குண்டு போனால் உட்புறம் எரிந்துவிடும். நேற்றுவரை சொன்ன பேச்சைக் கேட்டது இன்று தன் இஷ்டத்துக்குத் திரியும். அதனால் அமெரிக்காவின் வயோமிங்கில் எங்கள் பக்கத்துத் துப்பாக்கிப் போட்டிக்காரர்கள் பனி உருகியதும் முதல் வேலையாகப் புதுக் குழலுக்குச் சொல்லி வைப்பார்கள். எந்தக் கனத்தில் சொல்வது என்ற வாக்குவாதத்தில் அண்ணன் தம்பி பேச்சு நின்ற வீடுகூட உண்டு.

குழல் கனமாக இருந்தால் துப்பாக்கி துள்ளாது. குண்டு போய் விழும் இடத்தைச் சுட்டவரே துப்பாக்கிமேல் இருக்கும் கண்ணாடி வழியாகப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். மெல்லிய குழல் தோளுக்குச் சுகம், ஆனால் சுட்டதும் துள்ளும். துள்ளி அடங்குவதற்குள் அங்கே புழுதி எழுந்து கலைந்திருக்கும். பக்கத்தில் ஓர் ஆள் பார்த்துச் சொன்னால்தான் உண்டு.

நடீன் ப்ரூயிட்டுக்கு அப்படி ஓர் ஆள் இருந்தான். அவள் புருஷன் ஆர்லிஸ். அவள் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்தாள். அவன் பீட்ரூட் சர்க்கரை ஆலையில் கொதிகலன் பார்த்து ஓய்வு பெற்றவன். கோடையில் எங்கள் மலைச்சரிவில் இரட்டையர் போட்டி நடக்கும். ஒருவர் சுட வேண்டும், மற்றவர் தொலைநோக்கியில் பார்த்துச் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் முதுகில் சுமந்து நாள் முழுக்க மேடு பள்ளம் ஏறி இறங்க வேண்டும். பார்க்கிறவர் சொன்னால் சுடுகிறவர் "சரி" என்று சொல்லிவிட்டு அதன்படி திருத்த வேண்டும். படுத்துச் சுடுகிற இடத்தில் வாதாடக் கூடாது. இது எந்த விதிப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் வாதாடிய ஜோடியோடு யாரும் மதியம் உட்கார்ந்து சாப்பிட மாட்டார்கள்.

ஆர்லிஸின் கண்ணை நம்பித்தான் நடீன் வருஷா வருஷம் மெல்லிய குழலே போட்டாள். பத்தொன்பது வருஷம் அவன் "இடது, ஒரு கை" என்று தள்ள வேண்டிய அளவைச் சொல்வான், அவள் "சரி" என்பாள், அடுத்த குண்டு குறியாக நிற்கும் இரும்புத் தகட்டில் போய் அறையும்.

இந்த ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை, பழைய ஜல்லிக் குழியில் பயிற்சி. தகட்டுக்கு வெள்ளை பெயின்ட் அடித்துவிட்டு வந்து நடீன் ஐந்து குண்டு சுட்டாள். ஆர்லிஸ் நான்கு தரம் "பட்டுச்சு" என்றான். காற்று எதிர்ப்பக்கம் வீசியதால் சத்தம் ஒன்றும் திரும்பி வரவில்லை. பிறகு மறுபடி பெயின்ட் அடிக்கப் போனவள் தகட்டைப் பார்த்தாள். இரண்டே தழும்பு. பின்னால் சுற்றி வந்து பார்த்தாள். அங்கே என்ன இருக்கப் போகிறது, மண்டு! அவளுக்கே தெரியும், ஆனாலும் பார்த்தாள். தூரத்தில் அவன் தொலைநோக்கியில் கண்ணை வைத்தபடி கையை ஆட்டிக்கொண்டிருந்தான். அவள் தகடு முழுக்கப் பெயின்ட் பூசி இரண்டு தழும்பையும் மறைத்துவிட்டுத் திரும்பினாள்.

கண் மங்கிவிட்டதென்று அவனிடமே சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். கேட்பது சுலபம். ஆலையை விட்டபிறகு அந்த மனிதனுக்கு மிச்சம் இருந்தது அந்தத் தொலைநோக்கி ஒன்றுதான். அதையும் பிடுங்கினால் நாற்காலியில் உட்காருவான், எழுந்திருக்க மாட்டான். அவளுடைய பயம் அதுதான். அவன் பக்கத்தில் இல்லாமல் அந்தச் சரிவில் போய்ப் படுக்கவும் அவளுக்கு மனம் இல்லை. அதனால் வாயைத் திறக்கவில்லை. திங்கட்கிழமை, குழல் மாற்றிப் போடுகிற லிண்ட்குவிஸ்ட்டின் பட்டறைக்குப் போனாள்.

"இருக்கறதுலயே கனமான குழல் எது?"

லிண்ட்குவிஸ்ட் கடைசல் இயந்திரத்தை நிறுத்தினான். "யாருக்கு?"

"எனக்குத்தான். முன்னாடி எடைத்தகடும் சேத்துப் போட்டுடு."

"நடீன், எல்லாம் சேந்து இருபது பவுண்டு வரும். மேசைமேல வச்சுச் சுடற போட்டின்னா சரி. நீ மலை ஏறப் போற."

"ஏறப் போறது நீயா நானா?"

"ஆர்லிஸ் பக்கத்துல இருக்கறப்போ உனக்கு எதுக்கு இது?"

நடீன் முன்பணத்தை எண்ணி மேசைமேல் வைத்தாள். லிண்ட்குவிஸ்ட் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அளவை எழுதிக்கொண்டான்.

துப்பாக்கி வீட்டுக்கு வந்த அன்று ஆர்லிஸ் அதைக் கையில் தூக்கிப் பார்த்தான். "என்னடி இது, தண்டவாளத்தை அறுத்துக் கொண்டாந்துட்டியா?"

"இப்ப எல்லாரும் இதைத்தான் போடறாங்க."

"எல்லாரும் மலை ஏறாத பசங்க. உனக்கு அம்பத்தெட்டு வயசு."

"வயசு எனக்குத்தானே? தூக்கறதும் நான்தான்."

"தூக்கு, தூக்கு. நடு மேட்டுல உக்காந்து ஆர்லிஸ்னு கூப்பிட்டா எனக்குக் காது கேக்காது."

அவன் அத்தோடு விட்டான். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கிற மனிதன் இவ்வளவு சுலபமாக விட்டதை அவள் கவனித்திருக்க வேண்டும். பொய் சொல்கிறவர்களுக்கு மற்றவர்கள் முகத்தைப் பார்க்க நேரம் ஏது? ராத்திரி துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்கிப் பழகினாள். முட்டி வீங்கியது. மூட்டுவலித் தைலத்தைப் பள்ளிக்கூட அலமாரியில் வைத்துப் பூசிக்கொண்டாள்.

போட்டி ஜூலையில். காலையில் வண்டிகள் நிற்கிற இடத்தில் கால்வின் ஸ்டோபர் நின்றான். போன வருஷம் ஜெயித்தவன், வாய் கொஞ்சம் நீளம்.

"நடீன், அது துப்பாக்கியா வேலிக் கம்பமா?"

"வேலிக் கம்பம்தான். உன்னை மாதிரி அடுத்தவன் தோட்டத்துல மேயறதைக் கட்டிப் போட."

ஆர்லிஸ்தான் எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தான்.

முதல் மேட்டிலேயே அவளுக்கு மூச்சு வாங்கியது. தோல்வார் தோளை அறுத்தது. ஆனால் துப்பாக்கியைப் பையின்மேல் சாய்த்துப் படுத்துச் சுட்டதும் அது அசையாமல் கிடந்தது. அறுநூறு கஜத்துக்கு அப்பால் தகட்டின் மேல்விளிம்பைத் தாண்டிப் புழுதி எழுந்ததை அவள் தன் கண்ணால் பார்த்தாள். பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவை!

"வலது, அரைக் கை," என்றான் ஆர்லிஸ்.

"சரி," என்றாள். குறியைக் கொஞ்சம் கீழே இறக்கிச் சுட்டாள். தகடு ஆடியது.

இப்படியே போயிற்று. அவன் சொல்வான், அவள் "சரி" என்பாள், தான் கண்டதைச் செய்வாள். அவன் சொன்னது சில சமயம் ஒத்துப்போகும், பல சமயம் போகாது. பட்டதா இல்லையா என்று நடுவர் சொல்லிவிடுவதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மத்தியானம் பாறை நிழலில் உட்கார்ந்து உலர்ந்த மாட்டிறைச்சியைக் கடித்தபோது ஆர்லிஸ் தன் பங்கைத் தொடவில்லை. களைப்பு என்று நினைத்துக்கொண்டாள்.

ஏழாவதாகச் சுட வேண்டிய இடம் உவர் நிலத்தைப் பார்த்த மேடு. தகட்டுக்குப் பின்னால் வெள்ளை மண், மேலே பளீரென்று வெயில். நடீனின் முதல் குண்டு தகட்டுக்கு இடப்பக்கம் விழுந்து ஆள் உயரத்துக்குப் புழுதியைக் கிளப்பியது.

"வலது பக்கம் விழுந்துது," என்றான் ஆர்லிஸ். "இடது பக்கம் தள்ளு. நல்லாத் தள்ளு."

"சரி."

அவள் வலப்பக்கம் தள்ளிச் சுட்டாள். நடுவர் "பட்டது" என்றார். அடுத்த நான்கும் பட்டன.

சாயங்காலம் அவர்களுக்கு இரண்டாம் இடம். கால்வின் வந்து ஆர்லிஸின் முதுகில் தட்டினான். "கண்ணுன்னா உன் கண்ணுய்யா! கழுகு தோத்துது போ."

ஆர்லிஸ் தலையாட்டினான். இருவரும் வண்டிக்கு நடந்தார்கள். நடீன் துப்பாக்கியைப் பின்னால் கிடத்திக் கட்டினாள்.

"ஏழாவது இடத்துல மொதல் குண்டு," என்றான் ஆர்லிஸ். "எங்க விழுந்துது?"

"வலது பக்கம். நீதானே சொன்னே."

"இடது பக்கம் விழுந்துது, நடீன். அவ்ளோ பெரிய வெள்ளைப் புழுதி, எனக்கே தெரிஞ்சுது. இன்னிக்குப் பூரா நான் பாத்தது அது ஒண்ணுதான்." அவன் குரல் உயரவில்லை. "வேணும்னேதான் மாத்திச் சொன்னேன். நீ சரின்னு சொன்னே. அப்புறம் அடிச்சே."

அவள் கட்டிய வாரையே மறுபடி அவிழ்த்துக் கட்டினாள்.

"எப்பலேருந்து தெரியும்?" என்றான்.

"ஏப்ரல். தகட்டுல ரெண்டு தழும்புதான் இருந்துது."

"எனக்குப் போன அறுவடைலேருந்தே. நீ அந்தக் கனத்த துப்பாக்கியைக் கொண்டுவந்து நிறுத்தினப்பவே உனக்கும் தெரிஞ்சுபோச்சுன்னு புரிஞ்சுது. வாயால சொல்லுவேன்னு காத்திருந்தேன்."

"சொன்னா நீ வர மாட்டே."

"வந்திருக்க மாட்டேன்தான்." முகத்தைத் துடைத்துக்கொண்டான். "காலைலேருந்து பொம்மை மாதிரி உன் பக்கத்துல உக்காந்து கத்திக்கிட்டிருந்தேன். எத்தனை சரி! ஒவ்வொரு சரிக்கும் எனக்கு எப்படி இருந்திருக்கும்?"

அவளுக்கு அழுகை வந்தது. அவனைத் தனியே விடக் கூடாது என்றுதான் இத்தனையும் செய்தாள். அவனோ நாள் முழுக்கத் தனியாகத்தான் இருந்திருக்கிறான்.

"அடுத்த வருஷம் வேற ஆளைப் பாத்துக்கோ," என்றான்.

"வேற ஆள் வேணாம்."

"அப்போ எனக்குத் தெரியலேன்னா தெரியலேன்னு சொல்லுவேன். கூட்டத்துக்கு முன்னாடியே சொல்லுவேன். நீ சிரிக்கக் கூடாது, அழவும் கூடாது."

"சரி," என்றவள் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆர்லிஸ் சட்டைப்பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்து அவள் கையில் வைத்தான். வண்டியின் பக்கவாட்டைத் தடவிக்கொண்டே சுற்றிப் போய் மறுபக்கக் கதவைத் திறந்து ஏறினான். நடீன் ஓட்டுகிற பக்கம் ஏறி உட்கார்ந்தாள். இருக்கை அவன் காலுக்கு ஏற்றபடி தள்ளிக் கிடந்தது. கால் எட்டவில்லை. அதை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள்.