அண்ணி நம்பாத கதை

டிவி நாடகத்தில் அந்தக் கடற்கரை வீட்டின் கதவு திறந்து கிடந்தது. கடத்தி வந்தவன் எங்கேயோ போயிருந்தான். காவலுக்கும் யாரும் இல்லை. வெள்ளைச் சட்டை போட்ட கொரியப் பெண் வெறுங்காலோடு முற்றத்தைக் கடந்து வெளிக் கேட்டுவரை போனாள். கேட்டும் திறந்துதான் இருந்தது, அப்பால் தார் ரோடு. அவள் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், திரும்பி வீட்டைப் பார்த்தாள், கண் கலங்கினாள், பின்னால் பாட்டு ஆரம்பித்தது. வந்த வழியே திரும்பி நடந்தாள். தேயிலைத் தோட்டத்து வேலை விட்டு வந்து, எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த லயத்து வரிசை வீடுகளின் பெண்கள் எல்லாரும் ஒன்றாகப் பெருமூச்சு விட்டார்கள். அடுப்படியிலிருந்து அண்ணி சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை அது.

"என்னாடி சிரிக்கிற?" என்றார் பக்கத்துக் காம்பரா அக்கா.

"இல்லக்கா, அவ எதுக்குத் திரும்பிப் போறா? அத மட்டும் சொல்லுங்க."

"அவன் மேல ஆச வந்திருச்சுல்ல."

"எப்ப வந்துச்சு? முந்தா நாளுதானே கையக் கால கட்டிப் போட்டான். நேத்து ஒரு கோப்ப சூப்பு குடுத்தான். சூப்புக்கா ஆச வந்துச்சு?"

எல்லாரும் சிரித்தார்கள். அக்கா விடவில்லை. "அவன் மூஞ்சியப் பாருடி. அந்த மூஞ்சிக்கு யாருதான் மயங்கமாட்டா?"

"மூஞ்சி அழகா இருந்தா, சாவி அவன் சட்டப் பையில இருக்கிறது மறந்து போயிருமாக்கா?"

இதைக் கேட்டபோது அண்ணியின் குரல் மாறியிருந்தது. அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. அண்ணி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, குடத்தை எடுத்து இடது இடுப்பில் வைத்து, பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டார். குடத்தை இடது பக்கம் வைத்துக்கொள்வது அவர் புதிதாகக் கற்றுக்கொண்டது. வலது கை முழங்கையிலிருந்து கோணலாகத்தான் மடங்கும். அரபு நாட்டிலிருந்து அப்படித்தான் திரும்பி வந்திருந்தார்.

அண்ணி என் பெரிய அண்ணனின் மனைவி. வட்டகொடைப் பக்கத் தோட்டம் ஒன்றிலிருந்து லிந்துலையில் எங்கள் தோட்டத்துக்கு வாழ வந்தவர். கதை என்றால் அவருக்கு உயிர். கொழுந்து பறிக்கும் மலையில் அவரைச் சுற்றித்தான் மற்றப் பெண்கள் தேயிலை நிரை பிடிப்பார்கள், பறித்துக்கொண்டே கதை கேட்கலாம் என்பதற்காக. பார்த்த படத்தை அப்படியே சொல்லமாட்டார். ஓர் இடத்தில் நிறுத்தி, "படத்துல இவ பொசுக்குனு அவன மன்னிச்சிர்றா, ஆனா அப்படி நடக்காது, நடந்தது என்னான்னா" என்று தொடங்கி, தானே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துச் சேர்த்துவிடுவார். அதன் பிறகு அந்தக் கதை படத்தைவிட நன்றாக இருக்கும். தலவாக்கலையில் புடவைக் கடை ஒன்றில் வேலை செய்யும் நான், லீவு நாட்களில் அண்ணி சொன்ன கதையைக் கேட்டுவிட்டு அதே படத்தை டிவியில் பார்த்து ஏமாந்திருக்கிறேன். மனிதர்கள் காரணம் இல்லாமல் எதையும் செய்யமாட்டார்கள் என்று அவர் நம்பினார். நமக்குத் தெரியாமல் இருக்கலாம், ஆனால் இருக்கும் என்பார்.

அவர் வீட்டு வேலைக்கு வெளிநாடு போனதற்குக் காரணம் எல்லாருக்கும் தெரியும். பசளை உர மூட்டை தூக்கிக்கொண்டு மலையில் இறங்கும்போது அண்ணன் வழுக்கி விழுந்து முதுகு போனது. மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தான். அவர்கள் மகளுக்கு அப்போதுதான் பேச்சு வந்திருந்தது. அவளை என் மடியில் உட்கார வைத்துவிட்டு, "அழுதா பராக்குக் காட்டு புள்ள, நான் திரும்பிப் பாக்காமப் போயிர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு அந்தப் பிள்ளை என் மடியிலிருந்து இறங்கவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

சில வருஷம் கழித்து அண்ணி திரும்பி வந்த அன்று, அம்மாவைப் பார்த்ததும் அவள் என் பின்னால் ஒளிந்துகொண்டாள். அண்ணி குனிந்து சாக்லேட்டை நீட்டினார். அவள் என் சட்டையைப் பிடித்திழுத்து, "அம்மா, இவங்க யாரு?" என்று கேட்டாள். என்னைத்தான் அம்மா என்று கூப்பிட்டாள். அண்ணி சாக்லேட்டை இஸ்தோப்புத் திண்ணையில் வைத்துவிட்டு உள்ளே போனார். அன்று பூராவும் பெட்டியைத் திறந்து, துணிகளை மடித்து, பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டே இருந்தார்.

கொரிய நாடகத்தைப் பார்த்துச் சிரித்த அந்த மாலை, நானும் பீலிக்குப் போனேன். குடம் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது, அவர் எடுக்கவில்லை. நான் எதுவும் கேட்காமலே பேச ஆரம்பித்தார். அங்கே போய் இறங்கியதும் அவருடைய போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அந்த வீட்டுக்கார மேடம் வெளியே போகும்போதெல்லாம் வாசல் கதவை வெளிப்பக்கமாகப் பூட்டிவிட்டுப் போவார். கோபம் வந்தால் கையில் கிடைத்ததால் அடிப்பார். அந்த வீட்டில் ஒரு பெண் குழந்தை இருந்தது. நடக்காது, பேசாது, வாயில் ஊட்டியதை விழுங்கவும் தெரியாது. பெற்றவளே அதைத் தூக்கமாட்டாள். அண்ணி அதன் தொண்டையை விரலால் மெல்லத் தடவித் தடவி விழுங்கப் பழக்கினார். அதன் பிறகு அது வேறு யார் கையிலும் சாப்பிடவில்லை.

"ஒரு நாளு கேஸ் சிலிண்டர் கொண்டாந்தவன் கதவச் சாத்தாமப் போயிட்டான் புள்ள. வீட்டுல நானும் அந்தப் புள்ளையுந்தான். செருப்புக்கூடப் போடாம எறங்கி ஓடுனேன். கேட்டு வரைக்கும் போயிட்டேன். ரோட்டுல காரு போகுது, ஆளுங்க போறாங்க. ஒரு எட்டு வச்சாப் போதும்."

"அப்புறம் அண்ணி?"

"மேல இருந்து அது கத்துச்சு. பசிக் கத்து. மேடம் வர்றதுக்குப் பொழுது சாஞ்சிரும்னு எனக்குத் தெரியும். வந்தாலும் யாரு ஊட்டுவா?" வழிந்த குடத்தை நகர்த்தி வைத்தார். "எம் புள்ளைக்கி ஊட்ட நீ இருந்த. அதுக்கு யாரு இருக்கா?"

திரும்பிப் போய்க் கதவை அவரே சாத்தினாராம். பிறகு ஒரு நாள், மேடம் தள்ளியதில் மாடிப்படியில் உருண்டு விழுந்து கை ஒடிந்தது. சரியாகக் கட்டுப் போடவும் இல்லை. வேலைக்கு ஆகாது என்று விமானம் ஏற்றி அனுப்பிவிட்டார்கள்.

முறைப்பாடு கொடுக்கலாம் என்று அவரை டவுனில் இருந்த வெளிநாட்டு வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு அழைத்துப் போனது நான்தான். எனக்குக் கடையில் பழகிய சிங்களம் ஓரளவு வரும். அங்கே இருந்த அதிகாரி கெட்ட மனிதர் அல்ல. உட்காரச் சொன்னார், தேத்தண்ணீர் வேண்டுமா என்றும் கேட்டார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என்னைத் தங்கச்சி முறை வைத்துச் சிங்களத்தில், "நங்கி, பூட்டி வச்சாங்கன்னு சொல்றாங்க, ஆனா கதவு தொறந்திருந்தப்ப இவங்களே திரும்பிப் போயிருக்காங்க. அப்படின்னா பூட்டி வச்சதா எப்படி எழுதுறது?" என்றார். நான் அண்ணியிடம் சொன்னேன். அண்ணி குழந்தையைப் பற்றிச் சொன்னார், நான் அதைச் சிங்களத்தில் சொன்னேன். தொண்டையைத் தடவி விழுங்க வைத்ததுவரை சொன்னேன். அவர் பேனையை மூடி வைத்தார். "அனுதாபமா இருக்கு. ஆனா கேக்குறதுக்குக் கதை மாதிரி இருக்கு, நங்கி. யாரும் நம்பமாட்டாங்க." இதை நான் அண்ணிக்கு மொழிபெயர்க்கவில்லை. தேவைப்படவில்லை, அதிகாரியின் முகத்தைப் பார்த்தே அண்ணி எழுந்துவிட்டார்.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வந்தார். ரெண்டு பக்கமும் தேயிலை, மழை பெய்து கழுவிவிட்டது போலப் பளிச்சென்று இருந்தது. "அந்தக் கொரியாக்காரிக்கு ஒரு காரணமும் இல்ல புள்ள. நம்ம லயமே நம்பி அழுகுது" என்றார்.

முறைப்பாட்டுக்குப் போன செய்தி எங்களுக்கு முன்னால் லயத்துக்கு வந்துவிட்டது. யார் சொன்னார்கள் என்று தெரியாது. கதவு திறந்திருந்தும் வராமல் இருந்தாள் என்பது மட்டும்தான் வந்து சேர்ந்தது, குழந்தை வந்து சேரவில்லை. குழந்தை இருந்திருக்க வேண்டிய இடத்தில் மற்றவர்கள் ஓர் ஆம்பிளையை வைத்தார்கள். முதலில் அந்த வீட்டு டிரைவர் என்றார்கள், பிறகு மேடத்தின் தம்பி என்றார்கள். அந்தத் தம்பிக்கு உயரம், நிறம், மீசை எல்லாம் தானாகவே வந்து சேர்ந்தன. யாரும் திட்டிப் பேசவில்லை என்பதுதான் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. பாவம், அவளும் மனுஷிதானே, கஷ்டத்தில் ஒருத்தன் ஆறுதலாகப் பேசியிருப்பான் என்று இரக்கத்தோடு பேசினார்கள். பக்கத்துக் காம்பரா அக்கா அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ எங்கிட்ட மறைக்காதடி, எனக்குப் புரியும்" என்றுகூடச் சொன்னார். கட்டிப் போட்டவன்மேல் ஆசை வந்ததென்றால் எல்லாருக்கும் புரிந்தது. விழுங்கத் தெரியாத அந்நியக் குழந்தைக்காக ஒருத்தி கேட்டுவரை போய்த் திரும்பினாள் என்பதுதான் ஒருவருக்கும் புரியவில்லை.

அண்ணன் புரிந்துகொள்வான் என்று நான் நம்பினேன். அவன் குடிக்கிறவன் இல்லை, கை நீட்டுகிறவனும் இல்லை. பல நாள் பேசாமல் இருந்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, மெதுவான குரலில் கேட்டான்.

"சொந்தப் புள்ள இங்க இருக்கு. நான் எந்திரிக்க முடியாமக் கெடந்தேன். ரோட்டுக்கு ஒரு எட்டுதான்னு நீயே சொல்ற. ஊரான் புள்ளைக்காகத் திரும்பிப் போனேன்னு சொன்னா, நான் எப்படி நம்புறது? நீயே சொல்லு. இதே ஒரு கதையில வந்தா நீ நம்புவியா?"

அண்ணி கோபப்படுவார் என்று நினைத்தேன். "நம்பமாட்டேன்" என்றார். எழுந்து போய் அடுப்பில் கிடந்த விறகை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்தார்.

அதன் பிறகு அவர் கதை சொல்லி நான் கேட்டதே இல்லை. மலைக்கும் போனார், ஆனால் அந்தக் கையால் கொழுந்து ஓடவில்லை. கொழுந்து நிறுவையில் எப்போதும் கடைசி ஆள் அவர்தான். மகளுக்குத் தலை பின்னிவிடப் போனால் அவள் வலிக்கிறது என்று சொல்லி என்னிடம் ஓடி வருவாள். நான் அவளைத் திரும்ப அனுப்புவேன், அவள் அழுவாள், அண்ணி சீப்பை என்னிடமே கொடுத்துவிடுவார். மாலைகளில் நாடகத்துக்குப் பெண்கள் வந்தார்கள். அந்தக் கொரியப் பெண் கடத்தியவனையே கல்யாணம் செய்துகொண்டாள். அண்ணி அப்போது இஸ்தோப்பில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பிறகு அந்த மேடத்திடமிருந்தே போன் வந்தது. குழந்தை சாப்பிட மறுக்கிறது, எலும்பும் தோலுமாக ஆகிவிட்டது, வேலை செய்ய வேண்டாம், குழந்தையை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும் என்றாராம். அண்ணி உடனே வருவதாகச் சொல்லிவிட்டார். நான் அவரைப் பிடித்து உலுக்கினேன்.

"அடிச்சுக் கைய ஒடிச்ச வீடு அண்ணி! அங்கயா போறீங்க?"

"அங்க ஒருத்தி பசியோட இருக்கா புள்ள. இங்க யாரு இருக்கா?"

"நான் இருக்கேன். மக இருக்கா."

"அவளுக்கு நீ இருக்க" என்றார். அதில் குற்றச்சாட்டு இல்லை. இருந்திருந்தால் எனக்குத் தாங்கிக்கொள்ள எளிதாக இருந்திருக்கும்.

லயத்தில் எல்லாருக்கும் சந்தேகம் தீர்ந்துவிட்டது. அடித்த வீட்டுக்கே ஆசைப்பட்டுப் போகிறாள் என்றால் அங்கே ஒருத்தன் இல்லாமலா? அண்ணன் தடுக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். விடியற்காலை வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு ஆட்கள் எல்லாம் போன பிறகு, வழியில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து அண்ணி புறப்பட்டார். நான்தான் சந்திவரை பெட்டியைச் சுமந்து போனேன். வேனில் ஏறி உட்கார்ந்ததும், என் தலையில் கோணல் கையை வைத்து எடுத்தார். ஏதோ சொல்ல வந்தவர் மாதிரி இருந்தது. வேன் கிளம்பிவிட்டது.

போனதும் ஒரு மாதம் போல எந்தத் தகவலும் இல்லை. பிறகு ஒரு நாள் கடையில், முதலாளி தொழுகைக்குப் போயிருந்த நேரம் என் போன் அடித்தது. அண்ணியின் குரல், மிகவும் தணிந்து.

"அந்தப் புள்ளைக்கி இப்ப வேற ஒரு ஆளு ஊட்டுது புள்ள. வேற நாட்டுப் பொண்ணு, சின்னப் பொண்ணு. நான் வர்றதுக்குள்ள பழகிக்கிருச்சு. நான் தூக்குனா மொகத்தத் திருப்பிக்கிருது."

"அப்ப நீங்க?"

"என்னய மேடத்தோட மாமியா வீட்டுக்கு மாத்திட்டாங்க. சமையல், கழுவுறது. இங்கயும் வெளிய பூட்டுறாங்க. இங்க வேல செய்ற இன்னொரு பொண்ணுதான் போன ஒளிச்சுக் குடுத்துச்சு."

"வந்துருங்க அண்ணி. எப்படியாச்சும் வந்துருங்க. நான் அண்ணன்கிட்டப் பேசுறேன்."

அந்தப் பக்கம் பாத்திரம் உரசும் சத்தம் கேட்டது. அது ஓய்ந்ததும், "மக சாப்பிட்டாளா?" என்று கேட்டார்.

"காலையில ரொட்டி சாப்பிட்டுத்தான் ஸ்கூலுக்குப் போனா."

"நீதானே ஊட்டுன?"

"ஆமா அண்ணி."

"நல்லது" என்றார். போன் நின்றுவிட்டது.

அந்த நம்பருக்கு நான் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்துவிட்டேன். ஆரம்பத்தில் மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. இப்போது மணியும் அடிப்பதில்லை. டவுனில் அந்த அதிகாரியிடம் மறுபடி போனேன். அவர் மாறிப் போய்விட்டார். புதிதாக வந்தவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லச் சொன்னார். சொன்னேன். தானாக விரும்பித்தானே போனார் என்று கேட்டார். ஆமாம் என்றேன். அப்படியானால் என்ன பிரச்சினை என்றார். எங்கிருந்து தொடங்கிச் சொன்னால் அவர் நம்புவார் என்று யோசித்துக்கொண்டே, அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.