தண்ணி நண்டும் மார்க்கெட்டிங் பட்டமும்

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கோடையில் எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு நாள். நைனா நர்சிங் விண்ணப்பத்தை நிரப்பி வைத்துவிட்டார். மார்க்கெட்டிங்தான் படிப்பேன் என்று நான் மூன்று நாள் சரியாகச் சாப்பிடாமல் அடம்பிடித்ததில் கொஞ்சம் இறங்கி வந்தார். "சரி, போய்ப் பாக்கலாம். நல்லா இல்லன்னா நாளைக்கே நர்சிங்ல சேந்துடணும், இன்னா?" பழவேற்காட்டிலிருந்து முதல் பஸ்ஸில் கிளம்பினோம். பொன்னேரியில் ரயில் ஏறிய பிறகும் நான் பேச்சை நிறுத்தவில்லை.

மார்க்கெட்டிங் பட்டம் தரும் பல்கலைக்கழகத்தின் வாசலில் பேச்சு தானாக நின்றது. முழுக்கக் கண்ணாடிக் கட்டடம். பார்த்ததுமே எனக்குச் சந்தேகம். எங்கள் ஊர் டச்சுக் கல்லறைக்குப் பின்னால் இருந்த நண்டுக் கொட்டகையில் விடுமுறையெல்லாம் நண்டு தரம் பிரித்தவள் நான். பழைய ஓட்டை உதிர்த்த புதிதில் நண்டு பளபளவென்று பெரிதாக இருக்கும். உள்ளே சதை இருக்காது, வெறும் தண்ணீர். தண்ணி நண்டு என்போம். கண்ணால் பார்த்து எடுத்தால் ஏமாந்தோம். அடிப்பக்கத்து ஓட்டைக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும், அமுங்கினால் கழித்துவிடுவோம்.

நைனா சேர்க்கைக்கு வந்திருந்த கூட்டத்தைப் பார்த்துக் கூச்சப்பட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். நான் உள்ளே போனேன். வழவழ காகிதத்தில் கையேடு, ஏசி அரங்கு, திரையில் கோட் போட்டுச் சிரிக்கும் பழைய மாணவர்கள். எல்லாம் வெறும் ஓடு! துறைத் தலைவியிடம் நேராகப் போய், "இங்க படிக்கிறவங்க எழுதுன நோட்டு ஏதாவது பாக்கணும் மேடம்" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு அலமாரியைத் திறந்துவிட்டார்.

கைக்கு வந்தது மீன் சந்தை பற்றிய ஒரு ப்ராஜெக்ட். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மை. 'யாரிடம் கேட்டாய்?' 'வாங்கியவரை ஏன் கேட்கவில்லை?' 'திரும்பப் போ.' எனக்குப் புல்லரித்தது. ஏலத்தில் விலை விழும்போதெல்லாம் ஏன் என்று கேட்டு, "போடி, வேலையப் பாரு" என்று திட்டு வாங்கியே வளர்ந்தவள் நான். இங்கே கேட்காததற்குத் திட்டுகிறார்கள்!

ஆனால் அதில் ஒரு வரி இருந்தது: நண்டு பெரிதானால் விலையும் அதிகம். என் வாய் சும்மா இருக்குமா? "இது தப்பு மேடம். அமுக்கிப் பாக்காம யாரு வெல வைப்பாங்க?" என்று தண்ணி நண்டு கதையைச் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். கையைப் பிடித்து இரண்டாம் ஆண்டு வகுப்புக்கு இழுத்துப் போனார். "எங்கிட்ட சொன்னத இவங்களுக்கும் சொல்லும்மா."

போர்டில் நண்டு வரைந்தேன். கேள்வி மேல் கேள்வி வந்தது. இரண்டுக்கு எனக்கே பதில் தெரியவில்லை. அதுகூட ஆனந்தமாக இருந்தது. தலைகால் புரியாத சந்தோஷத்தில் மணி பார்த்தால் மூன்றே முக்கால். நான்கு மணிக்குச் சேர்க்கைக் கவுன்டர் மூடிவிடும். நைனாவிடம் இன்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வேப்பமரத்தடிக்கு ஓடினேன். ஆளைக் காணோம். தேடித் தேடிக் கடைசியில் கவுன்டர் வரிசையில் கண்டுபிடித்தேன். என் சான்றிதழ்ப் பையை நெஞ்சோடு அணைத்தபடி, நடுவில் நுழையப் பார்த்த ஒருவரை அதட்டிக்கொண்டிருந்தார். நர்சிங் விண்ணப்பம் விசிறியாக மடிந்து கையில் ஆடியது.

"நைனா, இங்க இன்னா பண்ற?"

"உன்னத் தேடிக்கினு வந்தேன். கிளாஸ் கதவாண்ட நின்னு பாத்தேன்." விசிறியை வகுப்புப் பக்கம் நீட்டினார். "நீ சொல்றத அத்தினி பேரும் எழுதிக்கினு இருந்தாங்கோ. வா, வந்து நில்லு. அடுத்தது நாமதான்."