அண்ணை விழுங்கிய லத்தீன்

இன்று கற்கோயிலில் எழுந்த சாம்பிராணிப் புகையோடு, அதே இடத்தில் முன்பிருந்த ஓலைக்கோயிலின் வெக்கையும், பெண்கள் பக்கத்துப் பாய் முழங்காலில் பதித்த கோடுகளும், பூசைக்கு உதவிய அண்ணை லத்தீனை மென்று விழுங்கும் ஓசையும் திரும்பி வந்து எனக்கு எரிச்சலூட்டின. வீட்டில் அவனுக்குப் பாடம் கேட்டுக் கேட்டே, சுவாமியாருக்குச் சொல்லவேண்டிய மறுமொழிகள் எல்லாம் எனக்கு மனப்பாடம்.

ஒரு ஞாயிறு, நீளமான மறுமொழியில் அவன் இடறி நிற்க, சுவாமியார் காத்திருந்தார். கோயிலே இருமவும் அஞ்சியது.

“அம்மா, நான் சொல்லட்டே?”

“பொத்தடி வாயை! பொம்பிளைப்பிள்ளை பூசையிலை கதைக்கிறதே?”

“அண்ணைக்குத் தெரியாதணை!”

அம்மாவின் கை என் வாயை அடைத்தது. உள்ளே லத்தீன் முட்டிக்கொண்டு நிற்க, சுவாமியார் பெருமூச்சுவிட்டு, எங்கள் எல்லோருக்குமான மறுமொழியைத் தானே சொல்லி முடித்தார்.

இன்றும் பூசை அந்த மறுமொழிக்கு வந்ததும், பக்கத்திலிருந்த அம்மா திரும்பி என் வாயைத்தான் பார்த்தார்.