தங்கச்சி பார்க்கிற சானல்

இண்டைக்குப் பால் வாங்க, நாங்கள் இருக்கிற வில்லரேயில ராசன் அண்ணையின்ர கடைக்குப் போனன். ரீவியில அமெரிக்கச் செய்தி. அவர் வழக்கமாத் திட்டுற சானல்.

"என்னண்ணை, கட்சி மாறிட்டியளோ?"

"இல்லை. ஒஹாயோவில தங்கச்சி இதைத்தான் பார்க்கிறவள். தேர்தல் நேரம் ரெண்டு பேரும் சண்டை பிடிச்சது, இன்னும் கதைக்கேல்லை. அவள் எதுக்குப் பயப்பிடுறாள் எண்டு பார்ப்பம் எண்டு போட்டன்."

"விளங்கிச்சோ?"

"ரெண்டு மணித்தியாலம் பார்த்தன். இப்ப எனக்கும் பயமாக் கிடக்கு. என்ர சானலும் இப்பிடித்தான் என்னைப் பயப்படுத்தியிருக்கு."

ரீவியை நிப்பாட்டிப்போட்டு, எனக்கு முன்னாலேயே தங்கச்சிக்குப் போன் எடுத்தார்.

"பிள்ளை, சுகமா இருக்கிறியா?"

அங்கால அவள் அழுகிறது கேட்டுது. நான் மெல்ல வெளியில வந்திட்டன்.

புளோரிடாவில இருக்கிற என்ர மச்சானோட நானும் இப்ப கதைக்கிறேல்லை. அவர் எந்தச் சானல் பார்க்கிறவர் எண்டு ஆருக்கும் தெரியுமோ?